இரண்டு கிலோப் படிக்கல்

மெதுசைக்கிள் ஓட்டத்தில் பத்தொன்பது ஆண்களை, காரியரில் பதினைந்து கிலோ செத்தல் மிளகாயோடு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலை, பதினொரு நாளில். பிழையாக வந்த மின்சாரக் கட்டணத்தை, இரண்டு வருடமும் பதினான்கு கடிதமும் செலவழித்து. லொத்தரில் ஒரு வெள்ளாட்டை, ஒரேயொரு ரிக்கற் வாங்கி. மாமியாரின் வாயிலிருந்து "உன்ரை குழம்பு பரவாயில்லை" என்ற வசனத்தை, கலியாணம் முடிந்து ஒன்பதாவது வருடத்தில்.

வென்ற இவ்வளவையும் சுபாஜினி தன் மில்லின் சுவிட்ச் பலகைக்கு மேலே, வெள்ளைச் சுவரில், மார்க்கர் பேனையால் எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் காலையில் மில்லைப் போடமுதல், தோளிற் கிடக்கும் துவாயால் அந்தச் சுவரைத் துடைக்கிறாள். பிள்ளையார் படம் பக்கத்திலேயே தொங்குகிறது. அதற்குத் துடைப்பு வெள்ளிக்கிழமை மட்டும். "அவர் தான் வென்றதைச் சொல்லிக் காட்டுறேல்லை. அவருக்குத் தூசி பரவாயில்லை" என்பாள்.

பட்டியலின் கடைசி வரியில் "மணியத்தார்" என்று மட்டும் இருக்கிறது. அதற்கு எதிரே வருடம் இல்லை. "வழக்கு முடியட்டும், போடுவம்" என்பாள்.

மருதனார்மடச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்த மில். வறுத்த மிளகாயும் மல்லியும் சீரகமும் பையிலே வரும், தூளாய்த் திரும்பிப் போகும். அதிற் பாதி கனடாவுக்கும் சுவிசுக்கும் பறக்கும். நாற்பது வயதுக்குக் கிட்டிய சுபாஜினி பதினாறு வருடமாய் அந்தப் புகைக்குள் நிற்கிறாள். ஒரு நாளும் தும்மியதில்லை. தும்முகிறவர்களை அவளுக்குப் பிடிக்கவும் பிடிக்காது. சாமானைக் கொடுத்துவிட்டுத் தும்மிக்கொண்டே நிற்கிற ஆட்களை, "அண்ணை, ஒண்டில் தும்முங்கோ, இல்லாட்டிக் கதையுங்கோ. இரண்டையும் மில் தாங்காது" என்று வெளியே அனுப்பிவிடுவாள்.

அவளுடைய அக்கா வசந்தினி எட்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனால் ஒரு திகதி பிழைத்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சுவரிலே முதலில் "பதினெட்டு ஆண்களை" என்றுதான் தங்கச்சி எழுதியிருந்தாள். அக்கா வந்து, விழுந்தெழும்பிப் பிறகு ஓடிய வான் சாரதியையும் எண்ணிப் பத்தொன்பதாக்கினாள். தங்கச்சியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் வசந்தினி சண்டைக்குப் போகமாட்டாள். விவரத்தைத் திருத்துவாள். அது சண்டையிலும் மோசம்.

மில் ஓடும்போது காது கேட்காது. ஆகையால் சுபாஜினி கைப்பேசியில் படம் பார்க்கிறபோது சத்தத்தை நிறுத்திவிட்டுக் கீழே ஓடுகிற எழுத்தை வாசிப்பாள். சினிமா பார்ப்பதில்லை. பிட்கொயின் போன்ற கண்ணுக்குத் தெரியாத கொயின் காசு உலகத்திலே எங்கெங்கே, யார் யாரால் களவு போனது என்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. அவற்றுக்குத் தானே பெயரும் வைத்திருக்கிறாள். தூளுக்குக் காத்து நிற்கிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றை எடுத்துவிடுவாள்.

"ஜப்பான் கடையைத் தெரியுமோ? இரண்டாயிரத்துப் பதினாலு. ஊர்ப்பட்ட கொயினை வாங்கி வைச்சிருந்தவன், ஒருநாள் கதவைச் சாத்தினான். கேட்டால் களவு போட்டுதாம். எங்கடை சந்தையிலை கத்தரிக்காய் களவு போனாலும் காம்பெண்டாலும் கிடக்கும்."

"பல்கேரியாப் பொம்பிளை சனத்தின்ரை காசோடை பதினேழாம் ஆண்டு பிளேன் ஏறினவள். இன்னும் இறங்கேல்லை."

"கனடாச் சாவு இன்னொண்டு. கடைக்காரன் செத்துப்போனான். பூட்டின்ரை ரகசியம் அவனுக்கு மட்டுந்தான் தெரியுமாம். சனம் ஒப்பாரி வைச்சுது. பிறகு துருவிப் பாத்தால், காசு அவனுக்கு முந்தியே போட்டுது."

அவளுக்கு மிகவும் பிடித்தது டுபாய்க் கதை. 2025 பெப்ரவரியில் அங்கே ஒரே தடவையில் நூற்றைம்பது கோடி டொலர் போனது. பெட்டியைத் திறக்கச் சில பேர் ஒப்பம் வைக்க வேண்டும். அவர்கள் வைத்தார்கள். திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் ஒப்பம் விழுந்தது வேறொன்றில். இந்த இடத்துக்கு வந்ததும் சுபாஜினி மில்லை நிறுத்திவிடுவாள், தெளிவாகக் கேட்கட்டுமென்று. "கையெழுத்து வைக்கிறவனுக்கு எப்பவும் உதுதான்."

ஏனென்றால் சுபாஜினி கையெழுத்து வைப்பதில்லை. பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பாள். தூள் பைகளில் ஆட்களின் பெயரை முத்து முத்தாக எழுதுவாள். ஆனால் வங்கியென்றாலும் அடையாள அட்டையென்றாலும் பெருவிரலைத்தான் நீட்டுவாள். கலியாணப் பதிவிலும் அப்படித்தான். பதிவுகாரர் மாப்பிள்ளையை ஒரு மாதிரிப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். மின்சாரக் கந்தோருக்குப் போன பதினான்கு கடிதத்தின் அடியிலும் விரலடையாளம் இருந்தது. பதினோராவது கடிதத்தில் அது மிளகாய்ச் சிவப்பாக இருந்ததாகவும், அதற்குப் பிறகுதான் பதில் வந்ததாகவும் அக்காவின் கொப்பியில் குறிப்பு உண்டு.

காரணம் அவர்களின் தகப்பன் பரமலிங்கம். சிநேகிதன் ஒருவனின் கடனுக்குப் பிணை நின்று வைத்த ஒரு கையெழுத்தில் ஆறு பரப்பு வெங்காயத் தோட்டம் போனது. "அப்பா அழகாய்க் கையெழுத்து வைப்பார். வாலெல்லாம் இழுத்து. அந்த வாலிலை தோட்டமும் போட்டுது. என்ரை விரலாலை இதுவரை ஒரு வெங்காயமும் போகேல்லை" என்பாள் சுபாஜினி.

மில் இருக்கிற ஒழுங்கைக்குக் கொயின் வந்தது சிவசுப்பிரமணியம் வழியாக. முந்தி இன்சூரன்ஸ் முகவராக இருந்தவர். மணியத்தார் என்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வங்கியால் அனுப்பாமல், டொலருக்குச் சமமான கொயினாக அனுப்பினால் செலவு மிச்சம், ஆறு மாதம் தொடாமல் வைத்தால் மேலதிகமும் உண்டு என்றார். பதினேழு குடும்பம் சேர்ந்தது. ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் பணப்பையைத் திறந்து கொடுத்தவர் அவர்தான். அந்தப் பையைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு. சொற்கள் கையில் இருந்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் காசை எடுக்கலாம். அவற்றையும் அவரே அழகாக எழுதி, லமினேற் பண்ணி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இதை ஆருக்கும் காட்டக்கூடாது. பெத்த பிள்ளைக்கும் காட்டக்கூடாது. கடவுளுக்கு மட்டும் காட்டலாம்" என்றார்.

பேச்சுக்குச் சொன்னதுதான். எங்கள் சனம் அதைப் பேச்சாக எடுக்கவில்லை.

சரசுவதி பூசை வந்தது. ஒழுங்கை முகப்பிலிருக்கும் சனசமூக நிலையத்தில் வழக்கம்போலக் கும்பம் வைத்து, புத்தகம், கொப்பி, தையல் மெசின் கத்தரிக்கோல், மேசன் கரண்டி எல்லாம் அடுக்கினார்கள். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற செல்வநாயகி தன் லமினேற் தாளையும் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்து மற்றப் பதினாறும் வந்தன.

"செல்வநாயகி அக்கா, உது இங்கிலிசிலையெல்லோ கிடக்கு. சரசுவதிக்கு விளங்குமோ?" என்று சுபாஜினி கேட்டாள்.

"கலைவாணிக்குத் தெரியாத பாசையோடி? நீ உன்ரை இரும்பை வை."

சுபாஜினி தன் தொழிற் சாமானாக தூள் அரிக்கிற அரிதட்டும் தராசின் இரண்டு கிலோப் படிக்கல்லும் கொண்டுவந்திருந்தாள். மின்விசிறிக் காற்றுக்குத் தாள்கள் வழுக்கி ஓடின. செல்வநாயகி அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். சுபாஜினி படிக்கல்லைத் தூக்கி மேலே வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தாள். நிலையத்தின் செயலாளர் வசந்தினி. எட்டாம் வகுப்புக்காரி பதினொரு வருடமாய் வகிக்கிற பதவி அது. அவள் கும்பத்தைப் படம் எடுத்து நிலையத்தின் முகநூற் பக்கத்தில் போட்டாள். 2025 ஒக்டோபர் 1, மாலை 6.20. மணியத்தார் அன்று கொழும்பில் நின்றார். படத்துக்கு முதல் விருப்பம் போட்டவர் அவர்தான்.

நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பதினேழு பையும் வெறுமை.

அன்று பின்னேரம் நிலையத்தில் கூட்டம். மணியத்தார் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து ஒருமுறை வலமும் இடமும் காட்டினார். "இந்தப் படம் உலகம் முழுக்கப் போயிருக்கு. கள்ளன் ரஷ்யாவிலை இருப்பான், சீனாவிலை இருப்பான். இனி ஆரைப் பிடிக்கிறது? தாளைக் கொண்டுவந்து வைச்சதிலை பிழையில்லை. பக்தி. படம் எடுத்துப் போட்டதுதான்..." வசனத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

எல்லாரும் வசந்தினியைப் பார்த்தார்கள். வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத அவளுக்குக் கொயின் பை இல்லை. "தனக்கு ஒண்டும் போகேல்லைத்தானே" என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. பதற்றத்தில் அவள் அங்கேயே நின்று படத்தைப் பக்கத்திலிருந்து அழித்தாள், கைப்பேசியிலிருந்தும் அழித்தாள். வீட்டுக்குப் போய், திகதியிட்டு, நிலைய முத்திரையும் குத்தி, பதவி விலகல் கடிதம் எழுதினாள். அதற்குப் பிறகு அவள் சந்தைக்குப் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. செல்வநாயகி எதிரே வந்தால் வேலிப்பக்கம் திரும்பி நின்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது வாயாற் சொல்ல இலேசு. வசந்தினிக்கோ பழி தன்னுடையதென்றே நம்பிக்கை. படத்தை எடுத்தது தான் தானே.

கூட்டம் முடிந்து எட்டாம் நாள் சுபாஜினி ஒரு பார்சல் புட்டோடு வந்தாள்.

"எத்தினை நாளைக்கு உப்பிடி வேலியோடை கதைக்கப் போறாய்? சாப்பிடு."

"என்னாலை பதினேழு குடும்பத்தின்ரை காசு போட்டுது, சுபா."

"படம் எங்கை?"

"அழிச்சுப்போட்டன்."

"நீயோ? பஸ் ரிக்கற்றையே எறியாதவள். நிலையத்தின்ரை அறிக்கைப் புத்தகத்திலை ஒட்டேல்லையோ?"

ஒட்டியிருந்தாள். பூசைக்கு அடுத்த நாளே ஸ்ரூடியோவில் பெரிதாகப் பிரதி எடுத்து, பசை போட்டு, கீழே நேரமும் எழுதியிருந்தாள். புத்தகத்தை இன்னும் ஒப்படைக்கவில்லை. சுபாஜினி அதை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கு முட்டப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அக்காவுக்கு அழுகை வந்தது.

"விசரே, இங்கை பார். பதினேழு தாளும் ஒண்டுக்கு மேலை ஒண்டாய் அடுக்கிக் கிடக்கு. மேலை தெரியிறது ஒரு தாள். அதுக்கு மேலை என்ரை படிக்கல். அந்தத் தாளிலையும் வெளியிலை தெரியிறது அஞ்சு சொல்லுத்தான். கீழை பதினாறு தாளும் அப்பிடியே மூடிக் கிடக்கு. கள்ளன் ரஷ்யாவிலை இருந்து கையை நீட்டிப் படிக்கல்லைத் தூக்கிப் பாத்தவனோ?"

வசந்தினி தானும் குனிந்து எண்ணினாள். ஐந்து சொல். திரும்ப எண்ணினாள். ஐந்துதான்.

"அப்ப பதினேழு பேரின்ரை சொல்லும் ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

"எழுதினவருக்கு. புட்டைச் சாப்பிடு, ஆறுது."

அடுத்த ஞாயிறு, தீபாவளிக்கு முதல்நாள், இன்னொரு கூட்டம். சுபாஜினி ஒரு கையில் அறிக்கைப் புத்தகத்தோடும் மறு கையில் படிக்கல்லோடும் வந்தாள். படிக்கல்லைப் பார்த்ததும் மணியத்தார் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்ததாக வசந்தினியின் குறிப்பு. பதினேழு தாளையும் வாங்கி, செல்வநாயகியைக் கொண்டே அன்றுபோல் அடுக்குவித்து, மேலே படிக்கல்லை வைத்தாள்.

"இது படம். இது படிக்கல். ஆரெண்டாலும் வந்து பன்னிரண்டு சொல்லையும் வாசியுங்கோ. வாசிக்கிற ஆளுக்கு ஒரு வருசத்துக்குத் தூள் சும்மா அரைச்சுத் தாறன்."

செல்வநாயகி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "ஓம். நான்தான் அடுக்கினனான். என்ரை தாள்தான் மேலை. அதையே எனக்கு வாசிக்கேலாமல் கிடக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "மணியம், நீர் எங்கடை சொல்லுகளை வேறை எங்கையும் எழுதி வைச்சிருந்தனீரோ?" என்று கேட்டார்.

மணியத்தார் சிரித்தார். "இன்சூரன்சிலை இருபத்தெட்டு வருசம் இருந்தனான். கையெழுத்து வைக்கத் தெரியாத கைநாட்டுக்காரி எனக்குப் புலனாய்வு படிப்பிக்கிறா. அக்காவைக் காப்பாத்தத் தங்கச்சி வந்திருக்கிறா, அவ்வளவுதான். உவவின்ரை சொல்லை எந்தப் பொலிஸ் எடுக்கும்?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் பொலிசுக்குப் போவோமென்று ஒருவரும் சொல்லவில்லை. வெளியில் தெரிந்தால் வெட்கம். பிள்ளைகள் ஏசுவார்கள். பேப்பரில் வரும். சரசுவதிக்கு முன்னால் பூட்டுத் திறப்பை வைத்த சனமென்று ஊரே சிரிக்கும்.

"சிரிக்கட்டும். நானும் இரண்டு கிழமையாய்ச் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். அதுக்காக என்ரை அக்கா வேலியைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது. நான் போறன். படிக்கல் என்ரை. அதை வைச்சது நான்" என்றாள் சுபாஜினி.

பொலிஸ் நிலையத்துக்கு இருவரும் போன நாள் சூரன்போர். சனமெல்லாம் கோயில்களில். நிலையத்தில் நெருக்கம் இல்லை. வாக்குமூலம் எழுதியவள் நிவேதனா என்ற இளம் பொலிஸ்காரி. பொறுமையானவள். படிக்கல்லை மேசையில் வைத்தபோதுகூட முகம் மாறவில்லை. சுபாஜினி சொல்லச் சொல்ல எழுதினாள், இரண்டு பக்கம். எழுதி முடிந்ததும் சுபாஜினி, கேட்காமலே, மைப்பெட்டிப் பக்கம் பெருவிரலைக் கொண்டுபோனாள்.

அழுத்தி எடுத்தாள். வேறொரு துண்டில் நிவேதனா வைத்துப் பார்த்தாள். கறுப்பாக ஒரு முட்டைதான் விழுந்தது. பதினாறு வருட மிளகாயும் சாக்கும் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன.

"ரேகை இல்லாட்டிலும் பரவாயில்லை அக்கா, எடுக்கலாம்" என்றாள் நிவேதனா. "ஆனால் கைநாட்டெண்டால், வாசிச்சு விளங்கப்படுத்தினதெண்டு இன்னொராள் எழுத வேணும். பிறகு கோட்டிலை அவையின்ரை லோயர் எழும்பி, இந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, பொலிஸ் எழுதினதுக்கு விரலை வைச்சவ எண்டு சொல்லுவார். நீங்கள் வாசிப்பீங்கள்தானே?"

"மரண அறிவித்தல் வரைக்கும்" என்றாள் வசந்தினி, தங்கச்சிக்கு முந்தி.

சுபாஜினி மை பட்ட விரலைத் துவாயில் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்த பேனையைப் பார்த்தாள். வசந்தினிக்கு அவள் நினைப்பது தெரிந்தது. ஆறு பரப்பு. வாலிழுத்த ஒரு பெயர்.

"வேண்டாம் சுபா. விரலே போதும். வெல்லாட்டிப் போகுது. நான் செயலாளராய் இருந்தது போதும்."

"நீ பேசாமல் இரு."

தாளைக் கிட்ட இழுத்து முதற் சொல்லிலிருந்து வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். "தங்கச்சி, ஒரு கிலோப் படிக்கல் எண்டு கிடக்கு. இரண்டு கிலோ. திருத்துங்கோ." நிவேதனா வெட்டித் திருத்தினாள். சுபாஜினி திரும்பவும் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். டுபாய்க்காரர்கள் செய்யாத வேலையை அவள் இரண்டு முறை செய்தாள்.

பேனையை எடுத்தாள். மேலே மின்விசிறி சுழன்றது, தாள் படபடத்தது. மேசையில் படிக்கல் சும்மாதான் கிடந்தது. இருந்தும் வசந்தினி தன் உள்ளங்கையைத் தாளின் ஓரத்தில் விரித்து வைத்து அழுத்திக்கொண்டாள். சுபாஜினி நாக்கு நுனியைப் பல்லிடையில் பிடித்து, தூள் பையில் எழுதுகிற அதே முத்தெழுத்தில், ஒன்றோடொன்று கோக்காமல், வாலிழுக்காமல், தகப்பன் பெயரையும் முழுதாக எழுதினாள்: பரமலிங்கம் சுபாஜினி. அதன் கீழே அக்கா திருத்த இடமில்லாதபடி: 2025 ஒக்டோபர் 27, திங்கட்கிழமை.